நான் வெளியே, நான் வீட்டில்

டொக்டருக்கு முன்னால் என் மனைவி நடக்கிற நடையைப் பார்த்தால் அவளுக்கு வருத்தம் என்று ஒருவரும் சொல்லமாட்டார்கள். கிளினிக் நாளில் நல்ல சேலை உடுத்து, பவுடர் போட்டு, பொட்டு வைத்துக்கொண்டு வருவாள். டொக்டர் கதிரையைப் பின்னுக்குத் தள்ளிவிட்டு, "அவசரமில்லை அம்மா, ஆறுதலா அந்த யன்னல் வரைக்கும் நடந்திட்டு வாங்கோ" என்பார். அவள் நடந்து போய், திரும்பி, நடந்து வருவாள். அன்று காலையில் அறையிலிருந்து குசினி வாசல் வரை வர அவளுக்குப் பதினொரு நிமிடம் எடுத்ததைக் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் நான் ஓட்டோ பிடித்திருப்பேன். அதைச் சொன்னால் டொக்டர் சிரிப்பார். "இப்ப நல்லாத்தானே நடக்கிறா" என்பார்.

அவள் பெயர் செல்வநாயகி. பார்க்கின்சன் என்று கண்டுபிடித்து ஏழு வருடம். கை நடுக்கம் மருந்தோடு அடங்கிவிட்டது. கால்தான் பிரச்சினை. நடந்து வருகிறவள் திடீரென்று நின்றுவிடுவாள். வாசல்படியில், கிணற்றடியில், கட்டிலுக்கும் அலுமாரிக்கும் நடுவில், இன்ன இடம் என்றில்லை. பாதம் இரண்டும் நிலத்தோடு ஒட்டிக்கொள்ளும். உடம்பு முன்னுக்குப் போகப் பார்க்கும், கால் வராது. "வாறன், வாறன், இந்தா வந்திட்டன்" என்று வாய் மட்டும் சொல்லிக்கொண்டிருக்கும்.

நான் பரமலிங்கம். பஸ் டிப்போவில் முப்பத்தொரு வருடம் டைம்கீப்பராக இருந்தவன். வந்த பஸ், போன பஸ், பிந்தின நிமிடம், பிந்தினதற்குக் காரணம், இவ்வளவையும் தாளில் எழுதுவதுதான் வேலை. மூன்று நிமிடம் பிந்தினாலும் சிவப்புப் பேனையால் கோடு போடுவேன். சண்டைக் காலத்தில் 'செல்லடி காரணமாக நாற்பது நிமிடம்' என்றுகூட எழுதியிருக்கிறேன். டிரைவர்மார் எனக்கு வைத்த பட்டப்பெயரை இங்கே எழுதமுடியாது. என்னோடு சண்டை பிடித்தவர்கள் நிறையப் பேர், ஆனால் என் தாள் பிழை என்று காட்டியவர் ஒருவரும் இல்லை.

வீட்டிலும் அப்படித்தான். முதல் பஸ் 5.40க்கு. 5.10க்கு நான் படலை தாண்டவேண்டும். அதற்குள் தேத்தண்ணியும் சாப்பாட்டுப் பெட்டியும் மடித்த சேட்டும் வந்தாக வேண்டும். முப்பத்தெட்டு வருடக் கலியாண வாழ்க்கையில் நான் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதைவிட 'கெதியா வா' என்று கூப்பிட்டதுதான் அதிகம். அடித்ததில்லை, குடித்ததில்லை. சத்தம் மட்டும் போடுவேன். சத்தம் போடாத புருசன் எந்த ஊரில் இருக்கிறான் என்பது என் எண்ணம். ஒரே மகள் சுபாஜினி நோர்வேயில். போன் எடுக்கிற நேரமெல்லாம் "அம்மாவோடை கத்தாதேங்கோ அப்பா" என்பாள். நான் உடனே போனைத் தாயிடம் கொடுத்துவிடுவேன்.

"மருந்தைக் கூட்டுங்கோ டொக்டர்" என்று ஒவ்வொரு முறையும் கேட்பேன். "கூட்டலாம் ஐயா. ஆனா கூட்டினா இல்லாத ஆக்களெல்லாம் கண்ணுக்கு முன்னாலை தெரியத் தொடங்கும். இவ நடக்கிற நடைக்கு அது தேவையில்லை" என்பார். நான் செல்வநாயகியை முறைப்பேன். அவள் சேலைத் தலைப்பை உருட்டிக்கொண்டு நிலத்தைப் பார்ப்பாள். என்னைப் பொய்யனாக்கத்தான் இவள் அங்கே ஒழுங்காக நடக்கிறாள் என்றுகூட நினைத்திருக்கிறேன். இப்போது வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் நினைத்தேன் என்பது உண்மை.

இந்த நேரத்தில்தான் கிளினிக்குக்கு ஆரணி வந்தாள். பண்டத்தரிப்புப் பக்கத்துப் பிள்ளை, பிசியோதெரபி படித்தவள். பார்க்கின்சன் வருத்தக்காரர் தங்கள் வீட்டில் எப்படி நடக்கிறார்கள் என்று ஒரு ஆராய்ச்சி நடக்கிறது, அதில் வேலை. நெருப்புப்பெட்டி அளவில் மூன்று வெள்ளைப் பெட்டிகளை மேசையில் வைத்தாள். சென்சர் என்றாள். ஒன்று இடுப்புப் பட்டியில், மற்ற இரண்டும் கணுக்கால்களில். திங்கட்கிழமை காலையிலிருந்து ஏழு நாள் கட்டியிருக்க வேண்டும், குளிக்கும்போதும் படுக்கும்போதும் கழற்றலாம். எத்தனை அடி வைத்தாள், எந்த நேரம் கால் ஒட்டியது, எத்தனை விநாடி ஒட்டியபடி நின்றாள், எல்லாம் அதற்குள் பதியுமாம்.

"டொக்டர் அதைப் பாத்து மருந்து கூட்டுவாரோ?" என்று கேட்டேன்.

"அதை வச்சுத்தான் முடிவெடுப்பார் ஐயா. வீட்டிலை நடக்கிறது எங்களுக்குத் தெரியாதுதானே."

எனக்குச் சாட்சி கிடைத்துவிட்டது. பவுடருக்கும் பொட்டுக்கும் மயங்காத சாட்சி.

ஆரணி குனிந்து கணுக்காலில் பட்டியைக் கட்டிக் காட்டும்போது செல்வநாயகி சிரித்தாள். "கலியாணத்துக்குக்கூட இவர் எனக்குக் கொலுசு வாங்கித் தரேல்லை பிள்ளை. இப்ப ரெண்டு காலுக்கும் வந்திட்டுது."

"காணும் கதை. கெதியா எழும்பு, பன்ரண்டு இருபது பஸ் போயிடும்" என்றேன்.

எழும்பினாள். நாலு அடி வைத்தாள். கதவு நிலையில் கால் ஒட்டிக்கொண்டது. "வாறன், வாறன்" என்றாள். எனக்கு வந்த சந்தோசத்தைச் சொல்லமுடியாது. "பாத்தியோ பிள்ளை, பாத்தியோ! இதைத்தான் நான் ஏழு வருசமாச் சொல்லுறன்" என்று கூவினேன். ஆரணி ஓடிவந்து, தன் சப்பாத்துக் காலை அவள் பாதத்துக்கு முன்னால் குறுக்கே வைத்து, "இதைத் தாண்டுங்கோ அம்மா. அவசரமில்லை" என்றாள். செல்வநாயகி தாண்டினாள். பிறகு பஸ் நிலையம் வரை நடந்தாள். பஸ் போய்விட்டிருந்தது.

கூடவே ஆரணி ஒரு தாளும் தந்திருந்தாள். மருந்து, சாப்பாடு, நித்திரை, விழுந்தால் அது, இந்த நாலையும் நேரத்தோடு எழுதினால் காணும், வேறொன்றும் வேண்டாம் என்றாள். எனக்கு அது காணவில்லை. பென்சன் எடுத்து எட்டு வருடமாகச் சும்மா இருந்தவனுக்கு யாரோ பேனையைக் கையில் தந்து 'நேரம் எழுது' என்று சொல்லியிருக்கிறார்கள். சந்திக் கடையில் எண்பது பக்கக் கொப்பி வாங்கி, அடிமட்டம் வைத்துக் கோடு போட்டேன். நேரம், நடந்தது, பிந்தின நிமிடம். டிப்போவில் டைம்கீப்பர் தான் இடத்தை விட்டு எழும்பினாலும் தாளில் குறிக்க வேண்டும். அந்தப் பழக்கத்தில் என் போக்குவரத்தையும் எழுதினேன். முதல் நாள் பக்கம் இப்படி இருந்தது:

6.50 தேத்தண்ணிக்குக் கூப்பிட்டேன். 7.01 வந்தா. 11 நிமிடம் பிந்தி.

7.20 சாப்பிடக் கூப்பிட்டேன். 7.29 வந்தா. 9 நிமிடம் பிந்தி.

7.30 மருந்து.

8.10 நான் வெளியே (தோட்டம்).

10.45 நான் வீட்டில்.

10.50 குளிக்கக் கூப்பிட்டேன். 11.04 கிணற்றடி. 14 நிமிடம் பிந்தி.

ஒரு நாளைக்குப் பத்துத் தரம், பன்னிரண்டு தரம் கூப்பிட்டிருக்கிறேன். சிலவேளை தேவையில்லாமலும் கூப்பிட்டேன். கூப்பிட்டால்தானே பிந்துவாள், பிந்தினால்தானே எழுதலாம். அவள் ஒவ்வொரு முறையும் "வாறன்" என்று வெளிக்கிட்டு எங்கோ ஓரிடத்தில் ஒட்டிப்போய் நிற்பாள். நான் மணிக்கூட்டைப் பார்த்தபடி நிற்பேன். கையைப் பிடித்துக் கூட்டிவந்தால் கணக்குப் பிழைத்துவிடும் என்று பிடிக்கவும் இல்லை.

வீட்டிலிருந்து தள்ளியிருக்கிற எங்கள் தோட்டத்துக்குப் போய்த் திரும்பி வந்தால் கொடியில் காய்ந்த உடுப்பு மடித்திருக்கும். சுவாமித் தட்டில் செம்பருத்திப் பூ இருக்கும். தேங்காய் துருவியிருக்கும். பக்கத்து வீட்டுச் சிவகௌரி வந்து செய்துவிட்டுப் போகிறாள் என்று நினைத்தேன். நல்ல மனுசி, எங்களுக்கு உதவிதான். அதனால் அதைப்பற்றிக் கேட்கவும் இல்லை, எழுதவும் இல்லை.

மூன்றாம் நாள் புதன்கிழமை எனக்குத் தடிமனும் தும்மலும். தோட்டத்துக்குப் போகாமல் வீட்டிலேயே இருந்தேன். மத்தியானம் சாப்பிடும்போது செல்வநாயகி கதையைத் தொடங்கினாள்.

"வெள்ளிக்கிழமை அம்மன் கோயில் தேர்."

"தெரியும்."

"அந்த நேத்தி இன்னும் கிடக்கு. ரெண்டு வருசமாச்சு."

இரண்டு வருடத்துக்கு முன் எனக்கு நெஞ்சுவருத்தம் வந்து பதினொரு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தேன். நான் எழும்பி வீட்டுக்கு வந்தால் தேரன்று அடியழிக்கிறேன் என்று அப்போது நேர்ந்துவிட்டாள். தேர் வீதி சுற்றும்போது பெண்கள் பின்னால் போவார்கள். ஓரடி வைப்பது, முழந்தாளிட்டு விழுந்து நெற்றி மண்ணில் படக் கும்பிடுவது, எழும்பி மறுபடி ஓரடி வைப்பது. அதுதான் அடியழித்தல். நல்ல காலுள்ளவர்களுக்கே முடிக்கிறபோது மூச்சு வாங்கும்.

"நிண்ட இடத்திலை நிக்கிற உனக்கு அடியழிப்போ? நீ விழுந்தா ஆர் தூக்கிறது? தேரும் சனமும் உனக்காகக் காத்துக்கொண்டு நிக்குமோ?"

"சிவகௌரி பிடிக்கிறன் எண்டவள்."

"அவளுக்கும் வேலையில்லை, உனக்கும் வேலையில்லை. பேசாமல் சாப்பிடு."

பேசாமல் சாப்பிட்டாள். சோற்றைப் பிசைகிற கை நடுங்கியது. மருந்து நேரம் பிந்திவிட்டதோ என்று கொப்பியைப் பார்த்தேன், பிந்தவில்லை.

வெள்ளிக்கிழமை எனக்கு யாழ்ப்பாணத்தில் கண் காட்ட வேண்டியிருந்தது. 8.20 நான் வெளியே. 1.40 நான் வீட்டில். வந்ததும் கொப்பியை எடுத்து வைத்துக்கொண்டு, "நான் போனாப்பிறகு என்ன செய்தனி?" என்று கேட்டேன்.

"படுத்திருந்தனான்."

"முழு நேரமுமோ?"

"ஓம்."

'8.20 – 1.40 படுத்திருந்தா' என்று எழுதினேன். அன்று அவள் முகம் கழுவித் திருநீறு பூசி, என்னைப் பார்த்து ஒருவிதமாகச் சிரித்துக்கொண்டிருந்தாள். தேருக்குப் போகாத கவலையை மறைக்கிறாள் என்று எடுத்துக்கொண்டேன்.

பின்னேரம் விறாந்தையில் கால் நீட்டி இருந்தபோது சேலைக் கரை விலகி முழந்தாள் தெரிந்தது. இரண்டு முழந்தாளும் உரஞ்சிச் சிவந்திருந்தன.

"விழுந்தனியோ?"

"இல்லையப்பா."

"பொய் சொல்லாதை. விழுந்திருக்கிறாய்."

சேலையை இழுத்து மூடிக்கொண்டாள். நான் உள்ளே போய் 'விழுந்துவிட்டு மறைக்கிறா' என்று எழுதி இரண்டு முறை அடிக்கோடு போட்டேன். இனி டொக்டர் மருந்தைக் கூட்டாமல் இருக்கமுடியாது என்று நினைத்தேன். அதற்குப் பிறகுதான் காயத்துக்குப் பூச எண்ணெய் எடுத்துக்கொண்டு வந்தேன். முதலில் எழுதினேன், பிறகுதான் எண்ணெய். அந்த ஒழுங்கை இப்போதும் என்னால் மறக்கமுடியவில்லை.

ஏழு நாள் முடிந்து பெட்டிகளையும் கொப்பியையும் கொண்டுபோய்க் கொடுத்தேன். மூன்று கிழமை கழித்து ஆரணி போன் எடுத்தாள். "அம்மாவையும் கூட்டிக்கொண்டு வாங்கோ ஐயா. ரெண்டு பேரோடையும் கதைக்க வேணும்." நான் தனியாகத்தான் போனேன். அவளை வெளிக்கிடுத்திக் கூட்டிப்போவதென்றால் அரை நாள் போய்விடும். 11.30 மருந்தை ஒரு கிண்ணத்தில் வைத்து, பக்கத்தில் தண்ணீரும் வைத்து, "ஒரு மணிக்கு முதல் வரமாட்டன். நேரத்துக்குக் குடி" என்று சொல்லிவிட்டு இறங்கினேன்.

ஆரணி எனக்குப் பின்னால் வாசலைப் பார்த்தாள். "அம்மா வரேல்லையோ?"

"அவ வந்து சேர்ந்தா பின்னேரமாயிடும். நீ சொல்லு பிள்ளை, மருந்து எவ்வளவு கூட்டுறார்?"

"மருந்து கூட்டத் தேவையில்லை எண்டு டொக்டர் சொல்லுறார் ஐயா. குடிக்கிற மருந்து நல்லா வேலை செய்யுது."

எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. "அப்ப உந்தப் பெட்டி பழுது. என்ரை கொப்பியைப் பாத்தனீங்களோ? பதினொரு நிமிசம், பதினாலு நிமிசம் எண்டு ஒண்டும் விடாமல் எழுதித் தந்தனான்."

"பாத்தனான் ஐயா. உங்களை மாதிரி ஒருத்தரும் எழுதித் தரேல்லை. அதாலைதான்..." என்று நிறுத்தினாள்.

"அதாலை?"

அவள் லாப்டொப் மூடியில் கையை வைத்தாள். "அடுத்த முறை அம்மாவோடை வாங்கோ. கால் ஒட்டினா எப்பிடி உதவிறதெண்டு காட்டித் தாறன். அது காணும் ஐயா."

"திற பிள்ளை."

"ஐயா..."

"முப்பத்தொரு வருசம் பஸ் ஏன் பிந்தினது எண்டு தாளைப் பாத்துச் சொன்னனான். எனக்கு விளங்கும். திற."

திறந்தாள். ஒரு நாளைக்கு ஒரு வரியாக ஏழு வரி. இடமிருந்து வலமாக நேரம். செல்வநாயகி நடந்த இடம் நீலம், கால் ஒட்டின இடம் சிவப்புக் கோடு. எங்கள் டிப்போத் தாள் போலவே இருந்தது. அதற்கு மேலே, நான் கொப்பியில் எழுதின எல்லாவற்றையும் ஆரணி சின்ன எழுத்தில் அந்தந்த நேரத்தில் போட்டிருந்தாள். ஒருவரும் எனக்கு ஒன்றும் சொல்லித்தரத் தேவையிருக்கவில்லை.

6.50 கூப்பிட்டேன். அதை ஒட்டினாற்போல் சிவப்பு. 7.20 கூப்பிட்டேன். சிவப்பு. 8.10 நான் வெளியே. அதற்குப் பிறகு நீலம். நீலம், நீலம், இரண்டரை மணித்தியாலம் முழுக்க நீலம், ஒரே ஒரு இடத்தில் சின்னச் சிவப்பு. 10.45 நான் வீட்டில். அந்த எழுத்துக்கு நேர் கீழே சிவப்பு. நான் அப்போது இன்னும் கூப்பிடக்கூட இல்லை, படலையைத் திறந்து வந்தது மட்டும்தான்.

இரண்டாம் வரியும் அப்படியே. நாலாம் வரியும் அப்படியே.

"எட்டு மணிக்குப் பிறகு மருந்து வேலை செய்யிற நேரம். ஏழரைக்குத்தானே மருந்து. அதுதான் நீலம்" என்றேன்.

"நானும் முதல் அப்பிடித்தான் நினைச்சனான் ஐயா" என்று சொல்லி ஆரணி மூன்றாம் வரியில் விரலை வைத்தாள். புதன்கிழமை. எனக்குத் தடிமன் பிடித்து வீட்டில் இருந்த நாள். அதே ஏழரை மணி மருந்து. வரி முழுக்கச் சிவப்பு.

அந்த வரியை மறுபடியும் இடமிருந்து வலமாகப் பார்த்தேன். பிறகு ஆரணிதான் கேட்டாள். "வெள்ளிக்கிழமை அம்மா படுத்திருந்தா எண்டு எழுதியிருக்கிறியள். ஆனா பத்து மணியிலை இருந்து பதினொண்டேகால் வரைக்கும் ஒரு விசயம் நடந்திருக்கு. அறுபத்திமூண்டு தரம் விழுந்தவ எண்டு மெஷின் சொல்லுது. நான் பயந்திட்டன். பிறகு பெரிசாக்கிப் பாத்தா ஒவ்வொரு தரமும் ஒரே மாதிரித்தான் கீழை போறா, ஒரே மாதிரித்தான் எழும்பிறா, ஓரடி வைக்கிறா, திரும்பக் கீழை போறா. விழுகிற ஆள் அப்பிடி எழும்ப ஏலாது. என்ன செய்தவ ஐயா?"

பத்து மணிக்குத்தான் தேர் இருப்பிடத்தை விட்டு வெளிக்கிடும்.

"அடியழிச்சிருக்கிறா" என்றேன்.

ஆரணியும் இந்த ஊர்ப் பிள்ளைதானே. வாயில் கையை வைத்துக்கொண்டு திரையைப் பார்த்தாள். "ஒரு இடத்திலையும் கால் ஒட்டேல்லை ஐயா. அறுபத்திமூண்டு அடியிலை ஒரு அடியும் ஒட்டேல்லை" என்றாள். நான் அந்த முழந்தாள்களை நினைத்தேன். எனக்காக நேர்ந்த நேர்த்தி அது. நான் வீட்டில் இல்லாத நேரம் பார்த்துத்தான் அவளால் எனக்காக நடக்க முடிந்திருக்கிறது. அதை நான் 'படுத்திருந்தா' என்றும் 'மறைக்கிறா' என்றும் எழுதி அடிக்கோடு போட்டிருக்கிறேன். என் தாளில் முதல் பிழை. எனக்கு அழுகை வந்தது. ஆரணிக்கு முன்னால் அழக்கூடாது என்று சுவரில் இருந்த மணிக்கூட்டைப் பார்த்தேன்.

"உங்கடை பிழை இல்லை ஐயா" என்றாள். "இந்த வருத்தத்தின்ரை குணம் அது. ஆரும் அவசரப்படுத்தினா, பிந்திப்போச்சு எண்டு பயந்தா, கால் கூட ஒட்டும். தெரியாமல்தானே செய்தனீங்கள்."

"அப்ப டொக்டருக்கு முன்னாலை மட்டும் எப்பிடி நடக்கிறா?"

"டொக்டர் 'அவசரமில்லை, ஆறுதலா வாங்கோ' எண்டு சொல்லித்தானே நடக்க விடுறவர்."

ஏழு வருடமாக அந்த வசனத்தை ஒவ்வொரு கிளினிக்கிலும் பக்கத்திலிருந்து கேட்டிருக்கிறேன். அது ஒரு மருந்து என்று எனக்குத் தெரியாது.

படத்தைத் தாளில் எடுத்துத் தரச் சொன்னேன். ஆரணிக்கு விருப்பமில்லை, ஆனாலும் தந்தாள். நாலாக மடித்துச் சேட்டுப் பையில் வைத்தேன். பஸ் பிந்தித்தான் வந்தது. எத்தனை நிமிடம் என்று பார்க்கவில்லை. யன்னல் பக்கம் இருந்து, அவளிடம் போய் என்ன சொல்வதென்று யோசித்தேன். மன்னிப்புக் கேட்டு எனக்குப் பழக்கமில்லை. கேட்டால் அவள் பயந்துவிடுவாள், எனக்கு மறுபடி நெஞ்சுவருத்தம் வந்துவிட்டது என்று நினைப்பாள். 'அவசரமில்லை' என்று மட்டும் சொல்லலாம் என்று முடிவெடுத்தேன். டொக்டர் சொல்கிற மாதிரியே. 'அவசரமில்லை செல்வம், ஆறுதலா வா.' பஸ்ஸுக்குள் வாய்க்குள்ளேயே இரண்டு மூன்று தரம் சொல்லிப் பார்த்தேன். சண்டிலிப்பாய்ச் சந்தியில் இறங்கி ஒழுங்கையால் நடக்கும்போதும் சொல்லிப் பார்த்தேன். நான் சொன்னால் அதுவும் அதட்டுகிற மாதிரித்தான் வந்தது.

படலையடிக்கு வந்தபோது பன்னிரண்டாக இன்னும் பத்து நிமிடம் இருந்தது. ஒரு மணிக்கு முதல் வரமாட்டேன் என்று சொல்லிவிட்டுப் போனவன். கொண்டியில் கை வைக்கப்போனபோது உள்ளே செருப்புச் சத்தம் கேட்டது. ஒரே சீராகக் கேட்டது. வேலியில் கிடுகு விலகின இடத்தால் பார்த்தேன்.

செல்வநாயகி கிணற்றடியிலிருந்து கொடிக்கு நடந்துகொண்டிருந்தாள். வாளியில் தோய்த்த உடுப்பு இருந்தது. ஒன்றை எடுப்பாள், பிழிவாள், கொடிக்கு நடந்துபோய் உதறிப் போடுவாள், திரும்பி வருவாள். என் சாரம். என் சேட்டு. என் துவாய். போக ஒன்பது அடி, வர ஒன்பது அடி. கிணற்றுக்கட்டில் ஏறியிருந்த சிவகௌரி வீட்டுக் கோழியை "சூ, போ அங்காலை" என்று கலைத்தாள். அதற்காக நாலடி பக்கவாட்டில்கூட வைத்தாள். சிவகௌரி அங்கே இல்லை. எங்கள் வீட்டில் ஒரு நாளும் சிவகௌரி உடுப்பு மடிக்கவில்லை, தேங்காய் துருவவில்லை, பூப் பறிக்கவில்லை என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது.

ஏழு வருடமாக நான் காணாத நடை அது. அவள் நடந்துகொண்டிருந்த ஒவ்வொரு நாளும் நான் அதைக் காணவில்லை. என்னால் காணவும் முடியாது, இப்படி வேலிக்கு வெளியே களவாக நின்றால் ஒழிய.

நான் படலையைத் திறக்கவில்லை. வெயில் உச்சியில் நின்றது. ஒழுங்கையால் சைக்கிளில் போன ஒருவர் "என்ன அண்ணை, திறப்பை மறந்திட்டியளோ?" என்று கேட்டார். தலையை மட்டும் ஆட்டினேன். எங்கே போவதென்றும் தெரியவில்லை. தோட்டத்துக்குப் போகலாம், எத்தனை மணித்தியாலம் போகலாம்? அவளுக்கு என்னைவிட்டால் யார் இருக்கிறார்கள்? எனக்குத்தான் யார் இருக்கிறார்கள்? நான் உள்ளே போனால் அவள் நடக்கமாட்டாள், போகாவிட்டால் அவளுக்குப் பக்கத்தில் நான் இல்லை. இரண்டில் ஒன்றை எடுக்கச் சொன்னால் நான் எதை எடுப்பேன்?

வாளியில் கடைசித் துணியை எடுத்தாள். அவளுடைய சீத்தைச் சேலை. அதைப் போட்டு முடிக்கும்வரை பொறுத்திருந்தேன். வேலை முடிந்துவிட்டது, இனி உள்ளே போகலாம், மெதுவாகப் போய், அவள் என்னைக் காணும் முதலே சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தேன். 'அவசரமில்லை செல்வம்.' நாக்கில் தயாராக வைத்துக்கொண்டு கொண்டியைத் தூக்கினேன். அது கிறீச்சிட்டது.

அவள் திரும்பவில்லை. வெறும் வாளியோடு வீட்டுப்பக்கம் வந்துகொண்டிருந்த கால்கள் முற்றத்து நடுவில் நின்றன. உடம்பு முன்னுக்குச் சரிந்தது. வாளி கையில் ஆடத் தொடங்கியது.

"வாறன், வாறன், இந்தா வந்திட்டன்" என்றாள்.

நான் இன்னும் அவளைக் கூப்பிடவே இல்லை.